அவர் தாடி வளர்க்காத மாதங்கள்

எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் எந்தப் பெண்ணுக்காவது மாசமாக இருக்கும்போது கால் வீங்கினால், "தனபாக்கியத்தைப் போய்ப் பாரு" என்று அனுப்பிவிடுகிறார்கள். நான் டாக்டர் இல்லை, எட்டாவது வரை படித்தவள். ஆனால் அந்த வீக்கத்தோடு ஆஸ்பத்திரியில் வாரக்கணக்கில் கிடந்து எழுந்து வந்தவள். வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே கதையைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதி வைக்கிறேன். கால் வீக்கத்தைப் பற்றி மட்டும் எழுதினால் பாதி எழுதினதாகத்தான் ஆகும். மீதியையும் எழுதப்போகிறேன். எங்கள் வீட்டுக்காரருக்கு இதில் அவ்வளவு சம்மதம் இல்லை. இல்லாவிட்டால் போகட்டும்.

எழுபதுகளின் ஆரம்பம் அது. அப்போது எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தான். இளையவள் அப்போதுதான் பால்குடி மறந்திருந்தாள். அவருக்கு நிலக்கரிச் சுரங்கத்தில் பெல்ட்டில் வேலை. வெட்டுகிற மிஷின் வெட்டிப் போடும் மண்ணையும் கரியையும் மேலே கொண்டுவருகிற, ரோடு மாதிரி நீளமான ரப்பர் பெல்ட் அது. ஷிப்ட் மாறி மாறி வரும். ஒரு அறை குவார்ட்டர்ஸில் இரண்டு பிள்ளைகள் போதும் என்று முதலில் சொன்னது நான்தான். அவரும் தலையாட்டினார். அந்த வருஷம் தை மாதம் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் குடும்பக் கட்டுப்பாடு முகாம் போட்டார்கள். ஆண்களுக்குச் செய்கிற ஆபரேஷன், அன்றைக்கே வீடு திரும்பிவிடலாம் என்றார்கள். பெல்ட்டில் வேலை செய்கிறவர்கள் ஒரு கூட்டமாகச் சேர்ந்து, பெண் அழைப்புக்குப் போகிற மாதிரி லாரியில் ஏறிப் போனார்கள். போகும்போது இருந்த கூச்சல் வரும்போது இல்லை. இறங்கினவர்கள் எல்லாரும் காலை அகட்டி அகட்டி வைத்து நடந்ததைப் பார்த்து, எங்கள் வரிசைப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டோம்.

"பாரம் தூக்கக் கூடாதாம். சைக்கிள் மிதிக்கக் கூடாதாம்," என்றார் அவர். வேறு ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு உள்ளூரப் பெருமைதான். எத்தனை ஆம்பிளைகள் பெண்டாட்டிக்காக இதற்குத் துணிவார்கள்? இனி மாதாமாதம் பயந்துகொண்டு கிடக்க வேண்டாம் என்று நிம்மதியாக இருந்தேன்.

பங்குனியில் நான் வீட்டுக்கு விலக்காகவில்லை. வெயிலாக இருக்கும், உடம்புச் சூடாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சித்திரையில் குழம்பு தாளிக்கிற வாசனைக்குக் குமட்டியது. இரண்டு பெற்றவளுக்கு அதற்கு மேல் யார் வந்து சொல்ல வேண்டும்? அவர் முதல் ஷிப்ட் முடிந்து வந்து வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

"ஏங்க, எனக்கு நாள் தள்ளிப் பூடுச்சி."

சொம்பைக் கீழே வைத்தார். "எப்பிடி?"

"எனக்கு மட்டும் இன்னா தெரியும்? நீங்கதான் முகாமுக்குப் போனீங்க. அங்க போய்க் கேளுங்க."

"ஆபரேசன் பண்ணிக்கினவன் நான். அது நல்லா ஆச்சின்னு எனக்குத் தெரியும்," என்றார். அதற்குப் பிறகு என் வயிற்றைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. சத்தியம் செய்தேன், பிள்ளைகள் தலையில் அடித்துச் சொன்னேன். கேட்டுக்கொண்டு சும்மா இருந்தார். அடித்திருந்தால் அழுதிருப்பேன், திட்டியிருந்தால் நாலு வார்த்தை திருப்பித் திட்டியிருப்பேன். யார் என்றுகூட அவர் கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் மனைவி மாசமாக இருந்தால் புருஷன் முடி வெட்டிக்கொள்வதில்லை, முகம் மழிப்பதில்லை. பிள்ளை பிறந்த பிறகுதான் கத்தி படும். மீறினால் பிள்ளைக்கு ஆகாது என்பார்கள். டவுன்ஷிப்பில் பல ஜில்லாக்காரர்கள் இருந்தாலும் இந்தத் தாடிக்கு அர்த்தம் தெரியாதவர் கிடையாது. தாடியோடு ஷிப்டுக்கு வருகிறவனைப் பார்த்து, "இன்னாப்பா, எத்தினி மாசம்?" என்று அவனே சுமக்கிற மாதிரிக் கேட்பார்கள். மூத்தவனுக்கும் இளையவளுக்கும் எங்கள் வீட்டுக்காரர் நெஞ்சு வரைக்கும் வளர்த்தவர். கேலி செய்தவர்களிடமெல்லாம் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றவர்.

இந்தத் தடவை அவர் ஒரு ரேசர் வாங்கினார். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை பார்பர் ஷாப்புக்குப் போவதோடு சரி. இப்போது தினமும் காலையில், குழாயடிக்குப் பக்கத்து முருங்கை மரத்தில் ஆணி அடித்துக் கண்ணாடியை மாட்டி, நுரை பூசி, வரிசை முழுக்கப் பார்க்க நிதானமாக மழித்தார். வீட்டுக்குள் வெளிச்சம் இல்லாமல் இல்லை. அவர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. என் வயிறு மேடிட்டுக்கொண்டு வந்தது, அவர் கன்னம் வழவழவென்று இருந்தது. பார்த்தவர்கள் கூட்டிக் கழித்துக்கொண்டார்கள். குழாயில் நான் குடத்தை வைத்தால் பேச்சு நின்றது. எடுத்துக்கொண்டு திரும்பினால் மறுபடியும் ஆரம்பித்தது.

கம்மாபுரம் பக்கத்து ஊரிலிருந்து என் மாமியார் வந்தார். என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டு மெதுவாகத்தான் பேசினார்.

"ஊருக்கு வா. மருந்து குடுக்கறவ ஒருத்தி இருக்கா. நாலு நாளுல சரியா பூடும்."

"இன்னாத்துக்கு அத்த?"

"இன்னாத்துக்கா? ஆபரேசன் பண்ணிக்கினவன் பொண்டாட்டி முழுவாம இருந்தா ஊரு சும்மா இருக்குமா?"

உண்மையைச் சொல்கிறேன். எனக்கும் அந்தப் பிள்ளை வேண்டாம்தான். வேண்டாம் என்றுதானே அவரை லாரி ஏற்றினேன். வேறு நிலைமையாக இருந்தால் அந்த மருந்தைக் குடித்திருப்பேனோ என்னவோ. ஆனால் இப்போது குடித்தால், ஆமாம், நான் தப்புச் செய்தவள்தான் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். எனக்கு இருந்த ஒரே சாட்சி வயிற்றுக்குள் இருந்தது. அது பிறந்து அவர் மூக்கோடு அவர் முன்னால் வந்து படுக்கட்டும் என்று வீம்பு பிடித்துக்கொண்டேன். பாசம் ஒன்றும் இல்லை, வெறும் வீம்பு.

"இது உங்க புள்ளையோட புள்ளதான் அத்த. நான் எதையும் குடிக்க மாட்டேன்."

மாமியார் எழுந்து பிள்ளைகளின் துணியை மூட்டை கட்டினார். பிறகு, "நீ முடியாதவ. புள்ளைங்க எங்கிட்ட இருக்கட்டும்," என்று இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். இளையவள் எங்கேயோ திருவிழாவுக்குப் போகிற நினைப்பில் ஜன்னலில் இருந்து கையை ஆட்டினாள். திரும்பி வந்து கதவைச் சாத்தினேன். அந்த ஒரு அறை வீடு அன்றைக்குத்தான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

அவர் கேன்டீனிலேயே சாப்பிட்டுவிட்டு வர ஆரம்பித்தார். வந்ததும் படுத்துக்கொள்வார். ஒருத்திக்கு மட்டும் உலை வைத்துப் பழக்கம் இல்லாததால் தினமும் சோறு மிஞ்சியது. சுரங்கத்துச் சங்கு ஊதும்போது மட்டும், இப்போது அவர் போகிறார், இப்போது வருகிறார் என்று தெரியும். அடுப்போடு பேசினேன், குடத்தோடு பேசினேன். வயிற்றில் இருப்பதோடு மட்டும் பேசவில்லை. அதன் மேல்தான் எனக்குக் கோபம்.

ஆவணியில் என் செருப்பு காலில் நுழையவில்லை. கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி விழுந்து, அந்தக் குழி அப்படியே நின்றது. முகமும் கையும் ஊதின. மாசமானவளுக்குக் கொஞ்சம் நீர் கோத்துக்கொள்வது உண்டுதான் என்று விட்டுவிட்டேன். அப்படி விடக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். கால் மட்டும் வீங்கினால் பெரிதில்லை. முகமும் கையும் சேர்ந்து வீங்கி, தலையும் வலித்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

என்னைக் கூட்டிக்கொண்டு போனது எதிர்வீட்டுப் பேச்சியம்மாள் அக்கா. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். வரிசை முழுக்க என்னோடு பேச்சை நிறுத்தினபோதும், உப்புக் கடன் வாங்குகிற சாக்கில் வந்துபோய்க்கொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான். ஒரு நாள் வந்தவர் என் காலைப் பார்த்துவிட்டு வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"ஏட்டி, இது என்ன காலு? இதோட நீ நடமாடிக்கிட்டு இருக்கியா? கெளம்பு, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"அவருகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு..."

"அவருகிட்ட நான் சொல்லுதேன். நீ சேலைய மாத்து."

ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சு நிறையப் பெண்கள். ஒவ்வொருத்திக்கும் பக்கத்தில் அம்மாவோ மாமியாரோ. டாக்டரம்மா என் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்து பிரஷர் பார்த்தார். மறுபடியும் அடித்துப் பார்த்தார். பிறகு சிஸ்டர் என் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து ஸ்பிரிட் விளக்கில் காட்டிச் சூடாக்கினார். தெளிவாக இருந்தது, சூடு ஏற ஏறப் பால் திரிந்த மாதிரி வெள்ளையாகத் திரண்டது. அதைப் பார்த்ததும் என்னை உட்காரக்கூட விடாமல் படுக்க வைத்துவிட்டார்கள்.

டாக்ஸீமியா என்றார் டாக்டரம்மா. கர்ப்ப காலத்தில் ரத்தக் கொதிப்பு ஏறி, உடம்பு நீர் கோத்து, ரத்தத்தில் இருக்க வேண்டிய சத்து சிறுநீரில் இறங்கிவிடுகிறதாம். ஏன் வருகிறது என்று அவர்களுக்கும் சரியாகத் தெரியாதாம். முற்றினால் வலிப்பு வரும். வலிப்பு வந்தால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. பிள்ளை வெளியே வந்தால்தான் இது தீரும், ஆனால் வெளியே எடுக்கிற அளவுக்குப் பிள்ளை இன்னும் வளரவில்லை. அதுவரைக்கும் படுக்கை, உப்பில்லாத சாப்பாடு, தூங்க மாத்திரை. அவ்வளவுதான் வைத்தியம்.

அட்மிஷனுக்குக் கையெழுத்துப் போட அவருக்குச் சுரங்கத்துக்குச் சொல்லி அனுப்பினார்கள். கரித் தூசியோடு வந்தார். "எத்தினி நாளுங்க?" என்று சிஸ்டரைக் கேட்டார். "பிள்ளை பிறக்கிற வரைக்கும்," என்றார் சிஸ்டர். "சரிங்க" என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். தொழிலாளிகளின் குடும்பத்துக்கு அங்கே பில் கிடையாது. அதனால் என் பயம் முழுவதும் மற்றவற்றுக்கே மிச்சமிருந்தது.

வீங்கின விரலில் மெட்டி இறுகிப்போய் விரல் நீலம் பாரித்திருந்தது. சிஸ்டர் சோப்புப் போட்டு, நூல் சுற்றி, மெல்ல மெல்லக் கழற்றினார். "ஒண்ணும் நினைச்சுக்காதே, வீக்கம் வடிஞ்சதும் போட்டுக்கலாம்," என்றார். நான் நினைக்காமல் இருப்பேனா? முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டேன்.

உப்பில்லாத சோறு எப்படி இருக்கும் என்று சொன்னால் புரியாது. வாயில் போட்டால் வாய்க்கே அது சோறு என்று தெரியாது. பேச்சியம்மாள் அக்கா ஒரு நாள் எலுமிச்சம்பழம் கொண்டுவந்து, டாக்டரம்மாவிடம் கேட்டுக்கொண்டு, சோற்றில் பிழிந்து பிசைந்து கொடுத்தார். அன்றைக்குத்தான் தட்டு காலியானது. இடது பக்கமாகவே படுக்கச் சொல்லியிருந்தார்கள். இடது பக்கம் படுத்தால் வார்டின் வாசல்தான் கண்ணுக்கு நேரே. அதைவிடச் சுவரைப் பார்த்துப் படுக்கச் சொல்லியிருக்கலாம்.

சாயந்திரம் நாலு மணிக்குப் பார்வையாளர்களை விடுவார்கள். மணி அடித்ததும் தாடிகளாக உள்ளே வரும். கறுப்புத் தாடி, செம்பட்டைத் தாடி, அரைகுறையாக மேல் உதட்டில் மட்டும் முளைத்த தாடி. பிள்ளைப்பேறு வார்டா, சாமியார் மடமா என்று இருக்கும். கையில் ஃப்ளாஸ்க், பிரெட், பழம். ஒவ்வொருவரும் ஒரு கட்டிலாகப் பிரிந்து போய் நின்றபின், என் கட்டிலைச் சுற்றி மட்டும் தரை தெரியும். முதல் சில நாள் வாசலைப் பார்த்தேன். பிறகு நாலு மணி ஆனால் கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிற மாதிரிக் கிடந்தேன்.

பக்கத்துக் கட்டிலில் சரோஜா என்று விருத்தாசலத்துப் பெண். தலைச்சன். கள்ளம் கபடு தெரியாத பெண், வாய் ஓயாது. அவள் புருஷன் தாடியைத் தடவிக்கொண்டே தினமும் வந்து, ஹார்லிக்ஸ் ஆற்றிக் கொடுப்பான். "அக்கா, உங்க வூட்டுல யாரும் வர மாட்டாங்களா?" என்று கேட்டாள். ஷிப்ட் என்றேன். "அண்ணனுக்குத் தெனமும் சாயந்திர ஷிப்டா?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஒரு நாள் அவர் வந்தார். பையைக் கட்டிலடியில் வைத்துவிட்டு, "எப்பிடி இருக்குது?" என்றார். அத்தனை தாடிக்கு நடுவே அவர் முகம் மட்டும் கழுவி வைத்த தட்டு மாதிரி இருந்தது. வார்டே திரும்பிப் பார்த்தது. சரோஜா தலையைத் தூக்கி, "அக்கா, இவரு உங்க கூடப் பொறந்தவரா?" என்று கேட்டாள். பாவம், அவள் கேட்டதில் தப்பே இல்லை. மாசமானவள் கட்டிலுக்குப் பக்கத்தில் மழித்த முகத்தோடு நிற்கிறவன் வேறு யாராக இருக்க முடியும்?

"ஆமா," என்றேன். "எங்க அண்ணன்."

அது அவர் காதில் விழுந்தது. விழ வேண்டும் என்றுதான் சொன்னேன். திரும்பி நடந்துவிட்டார். பையை அவிழ்த்துப் பார்த்தால் சாத்துக்குடிக்கு அடியில் என் தலையணை இருந்தது. வேறு தலையணையில் எனக்குத் தூக்கம் வராது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். இதை ஞாபகம் வைத்துக்கொள்கிற மனுஷன், நான் எப்படிப்பட்டவள் என்பதை மட்டும் எப்படி மறந்தார்? அந்தத் தலையணையைக் கட்டிக்கொண்டு, சரோஜா பார்க்காமல் இருக்கச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து அழுதேன். அன்றைக்கு உள்ளே இருந்த பிள்ளை புரண்டு புரண்டு உதைத்தது. இடது பக்கம் படுக்காததால் அதற்குக் கஷ்டமோ என்று திரும்பிப் படுத்தேன். படுத்ததும் அமைதியானது. "உனக்கும் எனக்கும்தான் யாரும் இல்ல," என்று முதல்முதலாக அதனோடு பேசினேன். அது எனக்கு ஒரு தப்பும் செய்யவில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

மூலையில் திரை கட்டின கட்டில் ஒன்று உண்டு. ஜன்னலை மூடி இருட்டாக்கி வைத்திருப்பார்கள். வெளிச்சமும் சத்தமும் பட்டால் வலிப்பு வரும் என்று, முற்றின கேஸ்களை அங்கே போடுவார்கள். ஒருத்தி அங்கே போனாள். அவள் பிழைத்தாள், அவள் பிள்ளை பிழைக்கவில்லை. ஒவ்வொரு நாள் காலையிலும் சிஸ்டர் ஸ்பிரிட் விளக்கைப் பற்றவைக்கும்போது அந்தத் திரையைப் பார்த்துக்கொள்வேன். குழாயில் வெள்ளை குறையவே இல்லை.

டாக்டரம்மாவுக்கும் பொறுமை போய்விட்டது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "மருந்து கொடுத்தும் பிரஷர் இறங்க மாட்டேங்குது. ராத்திரி தூங்கறதும் இல்லையாம். மனசில என்ன வெச்சிருக்கே?"

சொன்னேன். முகாம், லாரி, ரேசர், முருங்கை மரம், எல்லாவற்றையும். டாக்டரம்மா குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, "முகாம் எப்போ?" என்றார். தை என்றேன். "கடைசியா எப்போ விலக்கானே?" மாசி ஆரம்பத்தில் என்றேன். அவர் முகத்தில் ஒரு எரிச்சல் வந்தது.

"இந்த ஆபரேஷன் பண்ணின உடனே வேலை செய்யாதும்மா. குழாயை வெட்டிக் கட்டினாலும், வெட்டின இடத்துக்கு அந்தப் பக்கம் முன்னாடியே போய்ச் சேர்ந்தது மிச்சம் இருக்கும். அது தீர மூணு மாசம் ஆகும். அதுவரைக்கும் போட்டுக்கத்தான் ரப்பர் உறை கொடுத்து அனுப்புவாங்க. உன் வீட்டுக்காரருக்குக் கொடுத்திருப்பாங்களே?"

ரப்பர் உறை என்றதும் எனக்கு அந்தப் பலூன்கள் ஞாபகம் வந்தன. முகாம் முடிந்த அடுத்த நாட்களில் எங்கள் வரிசைப் பிள்ளைகள் கையிலெல்லாம் நீள நீளமாக வெள்ளைப் பலூன். என் மகனும் ஊதிக்கொண்டு திரிந்தான். ஏதுடா என்றதற்கு, அப்பா கொடுத்தார் என்றான். லாரியில் போய் வந்த அத்தனை வீட்டிலும் அதே பலூன்தான். ஆபரேஷனே ஆகிவிட்டது, இனி இது எதற்கு என்று அத்தனை அப்பாக்களும் பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுத்துவிட்டார்கள்! அதைச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துச் சிரித்து, அது எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. அந்த லாரியில் போன இன்னொருவரின் மனைவி சித்திரையில் ஊருக்குப் போய், என்ன மருந்தைக் குடித்தாளோ, பாதியாக இளைத்துத் திரும்பி வந்தாள். அவளை நினைத்துக்கொண்டேன். அவளை யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள்.

டாக்டரம்மா அவரைக் கூப்பிட்டு அனுப்பி, என் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டு, நிற்க வைத்துக் கேட்டார்.

"முகாம்ல ரப்பர் உறை குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க."

"என்ன பண்ணினே?"

அவர் என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "பசங்க... ஊதி வெளாடிச்சிங்க."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "பெல்ட்லதானே வேலை? கரி வெட்டற மிஷினை நிறுத்திட்டா, பெல்ட் மேல ஏற்கெனவே கிடக்கற கரி என்ன ஆகும்?"

"அது வந்துகினேதாங்க இருக்கும். பெல்ட்டு காலியாவற வரைக்கும் ஓட்டணும்."

"இதுவும் அதேதான். உன் பெல்ட் காலியாக மூணு மாசம் ஆகும். நீ ஒரு மாசம்கூடப் பொறுக்கலே."

அவர் முகத்தில் ரத்தம் ஏறுவதும் இறங்குவதும் தெரிந்தது. மழித்த முகத்தில் எதையும் மறைக்க முடியாது. "அப்ப இது என்னுதுதான்னு டெஸ்ட்டு பண்ணிச் சொல்ல முடியுங்களா?" என்று கேட்டார்.

"முடியாது. அப்படி அடிச்சுச் சொல்ற டெஸ்ட் எதுவும் கிடையாது. இது நடக்கும்னு சொல்றேன், நடந்து பார்த்திருக்கேன். மீதியை நீதான் முடிவு பண்ணணும்."

அவர் என் பக்கம் திரும்புவார் என்று நினைத்தேன். திரும்பவில்லை. தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். அன்றைக்கு வரைக்கும் எனக்கு இருந்தது பயமும் கோபமும்தான். அன்றைக்குத்தான் வெறுமையாக இருந்தது. காரணம் தெரிந்த பிறகும் அவர் என் பக்கம் வராவிட்டால், பிறகு என்ன இருக்கிறது?

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. நாலு மணிக்கு நனைந்த தாடிகள் வந்தன, போயின. அவர் வரவில்லை. வாசலைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். பிள்ளையோடு பேசிக்கொண்டிருந்தேன். அதற்குத் தெரிந்த குரல் என் குரல் ஒன்றுதான், எனக்குத் தெரிந்த அசைவு அதன் அசைவு ஒன்றுதான் என்று ஆகிவிட்டது.

ஒரு நாள் காலை தலை பிளந்துபோகிற மாதிரி வலி. கண் முன்னால் நெருப்புப் பொறி மாதிரிப் பறந்தது. சிஸ்டரைக் கூப்பிட்டதுதான் ஞாபகம். என்னைத் திரை கட்டின கட்டிலுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். இனிப் பொறுத்தால் ஆபத்து என்று பனிக்குடத்தை உடைத்து, வலி வர மருந்து ஏற்றினார்கள். அந்த இருட்டில், இது போய்விட்டால் எனக்குச் சாட்சி போய்விடும் என்ற நினைப்பு வரவே இல்லை. இது போய்விடக் கூடாது என்று மட்டும்தான் வேண்டிக்கொண்டேன். அவரைக் கூப்பிடச் சொல்லி ஒருமுறை கேட்டேனாம். சிஸ்டர் பிறகு சொன்னார். எனக்கு நினைவில்லை.

பெண் பிள்ளை. ஒரு மாதம் முந்திப் பிறந்ததால் கைக்குள் அடங்குகிற அளவுதான் இருந்தது. பஞ்சில் சுற்றி, இரண்டு பக்கமும் வெந்நீர்ப் பாட்டில் வைத்திருந்தார்கள். அழுகை பூனைக்குட்டி அழுகிற மாதிரி வந்தது. எப்படியோ, அழுதது.

என் பழைய கட்டிலுக்குக் கொண்டுவந்து போட்ட பிறகு ஒரு சாயந்திரம் சரோஜா என்னைத் தட்டி எழுப்பினாள். "அக்கா, உங்க அண்ணன் வந்து ரொம்ப நேரமா வாசல்ல நின்னுகினு இருக்காரு." பிறகு குரலைத் தாழ்த்தி, "அவரு வூட்டுலயும் மாசமா இருக்காங்களா அக்கா?" என்று கேட்டாள்.

திரும்பிப் பார்த்தேன். வாசலில் நின்றவருக்குத் தாடி. தாடி என்றால் பெரிய தாடி இல்லை. டாக்டரம்மா கேட்ட அன்றிலிருந்து முகத்தில் கத்தி படவில்லை போலிருக்கிறது. அங்கங்கே திட்டுத் திட்டாக, எலி கடித்த மாதிரி இருந்தது. அந்த முகத்தோடு அவர் ஷிப்டுக்குப் போயிருப்பார். எத்தனை மாசம் என்று கேட்டிருப்பார்கள். என்ன சொன்னாரோ.

"ஆமா," என்று சரோஜாவிடம் சொன்னேன். "இருந்தாங்க. பொறந்துடுச்சி."

அவர் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார். "கொழந்தையப் பாத்தேன்," என்றார். "மூக்கு..." என்று ஆரம்பித்தார்.

"மூக்கப் பத்திப் பேசாதீங்க," என்றேன். "நான் சொன்னப்ப நம்பல. டாக்டரம்மா பெல்ட்டு, கரின்னு சொன்னப்புறம்தான் நம்பினீங்க."

அவர் கண் கலங்கியது. கன்னத்தைத் தடவிக்கொண்டு, "பொறந்துடுச்சி இல்ல... வழக்கப்படி எடுத்துடட்டா?" என்று கேட்டார்.

"வாணாம்," என்றேன். "முருங்க மரத்தடியில நின்னு எத்தினி மாசம் மழிச்சீங்க? அத்தினியும் பாக்கி இருக்குது. வளருங்க. வரிசையில எல்லாரும் பாக்கட்டும்."

வளர்த்தார். குறை சொல்லக் கூடாது, ஒரு நாள்கூட முணுமுணுக்கவில்லை. பிள்ளை தேறி வீட்டுக்கு வந்த அன்று அவரே தூக்கிக்கொண்டு, குழாயடி வழியாக மெதுவாக நடந்து வந்தார். பேச்சியம்மாள் அக்கா ஆரத்தித் தட்டோடு நின்றார். மற்றவர்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். மாமியார் பெரிய பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டார். பிள்ளை பிறந்து மாதங்கள் ஆகியும் அவர் தாடி எடுக்காததைப் பார்த்து, "இன்னாப்பா, அடுத்ததா?" என்று ஷிப்டில் கேலி செய்தார்களாம். அவர் வீட்டில் வந்து சொல்லவில்லை, பேச்சியம்மாள் அக்காவின் வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரியும். மெட்டியை நானே எடுத்துப் போட்டுக்கொண்டேன். அவரோடு பழையபடி பேச ஆரம்பித்தது அதற்கும் பிறகுதான்.

வைகாசியில் பிள்ளைக்கு முடி இறக்கிக் காது குத்தக் குலதெய்வக் கோயிலுக்குப் போனோம். பிள்ளைக்கு மொட்டை போட்டு முடித்ததும் பார்பர் கத்தியைத் துடைத்துக்கொண்டே அவரைப் பார்த்தார். தாடி அப்போது நெஞ்சைத் தொட்டிருந்தது. சொந்தக்காரர்கள் எல்லாரும் நின்றார்கள், மாமியாரும் நின்றார். அத்தனை பேருக்கும் முன்னால் அவர் என்னைப் பார்த்து, "எடுத்துக்கட்டா?" என்று கேட்டார்.

"எடுத்துக்குங்க," என்றேன்.

கத்தி இறங்க இறங்கப் பழைய முகம் வெளியே வந்தது. எழுந்து, தண்ணீரில் முகத்தைக் கழுவிக்கொண்டு, சிரித்தபடியே பிள்ளைக்குக் கை நீட்டினார். அவள் பிறந்ததிலிருந்து பார்த்தது தாடி வைத்த அப்பாவைத்தான். அந்த மழித்த முகத்தைப் பார்த்ததும் வீறிட்டு அழுது, என் கழுத்தை இறுகக் கட்டிக்கொண்டாள். எல்லாரும் சிரித்தார்கள். "அப்பாடி கண்ணு, உங்க அப்பாதான்," என்று முதுகைத் தட்டிக் கொடுத்துக்கொண்டே சொன்னேன். ஆனால் எனக்கும் அந்த முகத்தைப் பார்க்கப் பயமாகத்தான் இருந்தது.